சக்கரத்தின் மேல் ஒரு குட்டி வீடு



தைப்பூசம் வந்துவிட்டால் ஒரு காலத்தில் நம் லயங்களில் எப்படி இருக்கும் என்பதை வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் பால் வெட்டு முடிந்து, பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்ததும் வீட்டுக்கு வீடு பரபரப்பு. ஒரு பக்கம் புளிச்சோறு கிளறுவார்கள். இன்னொரு பக்கம் பாயும் தலையணையும் சுருட்டிக் கட்டுவார்கள். பிள்ளைகள் காவடிப் பாட்டைப் பாடிக்கொண்டு லோரிக்கு முன்னால் ஓடும். பத்துமலையில் லோரி நின்றதும் அதன் நிழலே வீடு. அதன் அடியிலே பாய் விரித்துத் தூக்கம். மழை வந்தால் ஒரு கித்தான் துணி, அதுதான் கூரை!

அந்த லோரியை அன்று யாரும் 'வீடு' என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாளைக்கு அது நம் வீடாகத்தான் இருந்தது.

இன்றைக்கு உலகத்தில் பல இடங்களில் மனிதர்கள் இதே காரியத்தைக் கொஞ்சம் வசதியாகச் செய்கிறார்கள். காடிக்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒரு சின்ன வண்டி. உள்ளே இருவர் படுக்க மெத்தை. பின்பக்கக் கதவைத் தூக்கினால் அடுப்படி. கடற்கரையோ கோயில் திருவிழாவோ, எங்கே நிறுத்தினாலும் வீடு. இதைக் கம்பெனியில் வாங்காமல், வேலை முடிந்த நேரத்தில், வீட்டு வாசலில் வைத்துத் தங்கள் கையாலேயே செய்து முடிப்பதைப் பலர் ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள்.

"என்னங்க இது! இருக்கிற வீட்டுக்கே கூரை ஒழுகுது. இவரு சக்கரம் வச்ச வீட்டைப் பத்திப் பேச வந்துட்டாரு" என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயமான பேச்சுதான். அதற்குப் பதிலும் இருக்கிறது. கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

பங்சாரும் ஒரு தோட்டம்தான்

இந்தக் கட்டுரையைப் பங்சாரிலிருந்து எழுதுகிறேன். இன்றைக்குப் பங்சார் என்றால் மாடி வீடுகள், பெரிய பெரிய காடிகள், கோப்பிக் கடைகள். ஆனால் இந்த மேடு முழுவதும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய வணிகர்களின் பெயர்கள் ஒட்டித்தான் 'பங்சார்' ஆயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. இங்கே மரம் வெட்டியவர்கள் நம்மவர்கள். பக்கத்துப் பிரிக்பீல்ட்சில் ரயில்வே வேலை பார்த்தவர்களும் நம்மவர்கள்.

பிறகு பட்டணம் வளர்ந்தது. மரங்கள் சாய்ந்தன. 1970-களில் இது வீடமைப்புப் பகுதியாக மாறிக்கொண்டிருந்தது. தோட்டம் போனால் லயம் போகும். லயம் போனால் குடும்பம் மூட்டை கட்ட வேண்டும். இது பங்சாருக்கு மட்டும் வந்த கதையல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்களுக்கு வந்த கதை. நாற்பது வருஷம் இருந்த வீடு தனக்குச் சொந்தமில்லை என்பது, பல பெரியவர்களுக்கு லோரி வாசலில் வந்து நின்ற அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகவே 'சக்கரத்தின் மேல் வீடு' என்றால் வசதிக்காரனுக்கு அது விளையாட்டு. நமக்கோ அந்த வார்த்தை நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே செல்வோம்.

கூண்டு வண்டியிலிருந்து கண்ணீர்த்துளி வரை

இந்த வண்டியை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் நம் பாட்டன் பாட்டி கோயிலுக்குப் போனது எதில்? கூண்டு வண்டியில்! மூங்கிலை வளைத்துப் பாயை வேய்ந்த கூண்டு. தரையில் வைக்கோல், அதன்மேல் ஜமுக்காளம். வண்டிக்கு அடியில் தொங்கும் லாந்தர். பின்பக்கத்தில் சட்டி பானை. வழியில் தோப்பைக் கண்டால் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சமையல். இரவில் கூண்டுக்குள் பெண்களும் பிள்ளைகளும், அடியில் ஆண்கள். இன்றைய குட்டி வீட்டின் எல்லா லட்சணமும் அதில் இருந்தது.

இங்கிலாந்தில் 1885-ஆம் ஆண்டு கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர், ஊர் சுற்றி இன்புறுவதற்கென்றே குதிரைகள் இழுக்கும் ஒரு வீட்டு வண்டியைச் செய்யச் சொல்லி வாங்கினார். 'வாண்டரர்' என்பது அதன் பெயர். பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் உருவானது. எடை ஏறக்குறைய இரண்டு டன். பொழுதுபோக்குக்கென்று செய்யப்பட்ட முதல் வீட்டு வண்டி என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு மோட்டார் வந்தது. 1930-களில் அமெரிக்காவில் பஞ்ச காலம். விடுதியில் தங்கக் காசில்லாதவர்களும், கையில் வித்தை உள்ளவர்களும் சேர்ந்து ஒரு சின்ன வண்டியை உருவாக்கினார்கள். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கண்ணீர்த்துளி மாதிரி இருக்கும். அதனால் 'கண்ணீர்த்துளி வண்டி' என்றே பெயர் நிலைத்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இது இன்னும் பரவியது. போர் விமானங்களின் இறக்கையிலிருந்து கழித்த அலுமினியத் தகடு கூரையாயிற்று. ஜீப்பின் பழைய சக்கரம் இதற்குச் சக்கரமாயிற்று. செய்முறைப் படங்களை மாத இதழ்கள் அச்சிட்டன. 1947-இல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்ற இதழில் வந்த படத்தைப் பார்த்துப் பலர் செய்தார்கள்.

கவனித்தீர்களா? பணம் இருந்தவன் செய்ததல்ல இது. கழித்துப் போட்ட சாமானை வைத்து, இருக்கிறதைக் கொண்டு ஒப்பேற்றத் தெரிந்தவன் செய்தது. அந்த வித்தையில் தோட்டத்தானை மிஞ்ச ஆள் உண்டா?

நாமக்கல் தம்பியின் வேலை

நம் இனத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்தவர் அருண் பிரபு. கட்டடக் கலை படித்த இளைஞர். படிக்கும் காலத்தில் பட்டணத்துக் குடிசைப் பகுதிகளைச் சுற்றி ஆராய்ந்தார். ஏழைகள் லட்சக்கணக்கில் செலவு செய்து கட்டுகிற வீட்டில்கூட ஒழுங்கான படுக்கை அறையோ கழிவறையோ இல்லாததைக் கண்டார். இடம் சிறிதாக இருப்பது மட்டும் குறையல்ல, சிறிய இடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் யோசித்துக் கொடுக்கவில்லை என்பதும் குறைதான் என்று அவருக்குப் பட்டது.

உடனே என்ன செய்தார்? ஒரு மூன்று சக்கர ஆட்டோவை எடுத்தார். அதன் முதுகில் ஆறடிக்கு ஆறடி, அதாவது 36 சதுர அடியில் ஒரு வீட்டைக் கட்டினார். படுக்கை, சமையல் இடம், கழிவறை, குளிக்கும் தொட்டி, மொட்டை மாடியில் குடைக்கடியில் உட்கார ஒரு நாற்காலி! கூரையில் சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் பலகை; 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. இடித்த கட்டடங்களிலிருந்தும் பழைய வாகனங்களிலிருந்தும் கிடைத்த சாமான்களை நிறையப் பயன்படுத்தினார். மொத்தச் செலவு சுமார் ஒரு லட்சம் இந்திய ரூபாய். இன்னொரு கெட்டிக்காரத்தனம்: வீடு ஆட்டோவோடு போல்ட்டு நட்டால் மட்டுமே பிணைக்கப்பட்டிருக்கிறது. கழற்றினால் வீடு தனி, ஆட்டோ தனி. 2021-இல் இதன் படத்தைப் பார்த்துத் தொழிலதிபர் ஆனந்த் மகேந்திரா பாராட்டி எழுதியதும் உலகமே திரும்பிப் பார்த்தது.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் இதில் பார்க்க வேண்டியது அந்தப் பாராட்டையல்ல. அந்தத் தம்பி முதலில் ஏழை வீட்டை அளந்து பார்த்தார். அப்புறம்தான் ஆணி அடித்தார். அதைப் பாருங்கள்.

அளவு எங்கிருந்து வருகிறது?

சரி, வேலைக்கு வருவோம். கண்ணீர்த்துளி வண்டியின் அளவு பெரும்பாலும் நாலடி அகலம், எட்டடி நீளம், நாலடி உயரம். ஏன் இந்தக் கணக்கு? கடையில் விற்கும் ஒட்டுப்பலகை நாலுக்கு எட்டு. ஒரு பலகை தரைக்கு. ஒவ்வொரு பலகை பக்கத்துக்கு. வெட்டிக் கழிக்கும் துண்டு குறைவு. உள்ளே நிற்க முடியாது, படுக்கலாம், உட்காரலாம். பெரியவர்கள் இருவருக்குத்தான் இடம். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம் போட வேண்டும்.

எடைதான் எதிரி. 12 மில்லி தடிப்புள்ள ஒரு பலகை ஏறக்குறைய 20 கிலோ வரும். 18 மில்லி என்றால் 30 கிலோவைத் தொடும். 'கெட்டியா இருக்கட்டும்' என்று எல்லாவற்றையும் தடிப்பாகப் போட்டால் வண்டியை இழுக்கிற காடி பெருமூச்சு விடும். கெட்டித்தனம் பலகையின் தடிப்பில் இல்லை, சட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. லயத்துக் கூரையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தகடு மெல்லியதுதான், தாங்குவது கைமரம்.

முன்பாரம், பின்பாரம்

இனி வருவதுதான் உயிர் போகிற விஷயம். கவனமாகப் படியுங்கள்.

மாட்டு வண்டி ஓட்டிய தாத்தா யாராவது இருந்தால் கேளுங்கள். "பாரம் ஏத்துறப்போ முன்பாரம் பின்பாரம் பாத்து ஏத்தணும்டா" என்பார். பின்னால் பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும். நுகத்தடி மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்னால் அதிகமானால் மாடு மண்டியிடும். மோட்டார் வண்டிக்குப் பின்னால் இழுக்கும் வண்டிக்கும் இதே சட்டம்தான். ஒரே ஒரு வித்தியாசம்: மாடு நின்றுவிடும், காடி நிற்காது.

பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், வேகம் கூடும்போது வண்டியின் வால் இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கும். முதலில் கொஞ்சம்தான் ஆடும். பிறகு பாம்பு மாதிரி வளைந்து காடியையே புரட்டிவிடும். ஆகவே மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு முன்கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். வண்டி 400 கிலோ என்றால் கொக்கியில் 40 முதல் 60 கிலோ. எட்டடி வண்டியில் அச்சை நட்டநடுவே வைக்காமல், முன்பக்கத்திலிருந்து ஏறக்குறைய ஐந்தடியில் வைப்பது இதற்காகத்தான்.

கணக்கு மட்டும் போதாது, நிறுத்துப் பார்க்க வேண்டும். மெத்தை, தண்ணீர், அடுப்பு, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்கொக்கிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, அந்தக் கட்டையை எடை பார்க்கும் தராசின் மேல் நிறுத்துங்கள். வருஷக்கணக்காகப் பாலை நிறுத்துப் போட்ட நமக்குத் தராசு புதிதா? குறைந்தால் சாமானை முன்னால் தள்ளுங்கள். கூடினால் பின்னால் தள்ளுங்கள். சாலையில் வால் ஆடிவிட்டால் பதறிப்போய்க் காடியின் பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை வெட்டவும் கூடாது. நேராகப் பிடித்துக்கொண்டு எண்ணெயை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

அச்சும் சக்கரமும் வில்லும் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். ஆனால் விரிசல் கண்ட அச்சு வேண்டவே வேண்டாம். பெரிய தேருக்கும் சின்ன அச்சாணிதான் உயிர் என்று வள்ளுவர் அன்றே சொல்லி வைத்திருக்கிறார். சட்டத்தைப் பற்றவைக்கும் வேலையைத் தேர்ந்த கையிடம் கொடுங்கள். தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் வண்டிக்கு வெல்டிங் வைத்துப் பழகிய அண்ணன்மார் இன்னும் இருக்கிறார்கள். கொக்கி கழன்றாலும் வண்டி ஓடிப்போகாமல் இருக்க இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்ட வேண்டும். பின் விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு மூன்றும் எரிய வேண்டும். இந்தச் செலவில் சிக்கனம் பார்ப்பவன் பிறர் உயிரோடு விளையாடுகிறான்.

கூடு கட்டுவது

பக்கவாட்டுப் பலகை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கவ்வியால் இறுக்கி, ஒரே வெட்டில் வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்று போல வரும். வளைவை எப்படி வரைவது? ஒரு மெல்லிய மூங்கில் தப்பையை ஆணிகளுக்கிடையே வளைத்துப் பிடித்துப் பென்சிலால் கோடு இழுங்கள். கூண்டு வண்டிக்காரன் செய்ததும் அதுதான்.

கூரைக்கு அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம். உள்ளே ஒரு மெல்லிய ஒட்டுப்பலகை, வெளியே இன்னொன்று. இடையில் வெப்பம் தடுக்கும் நுரைப்பலகை. நம் ஊர் வெயிலுக்கு இந்த நுரைப்பலகை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அது வீடல்ல, அவிப்பதற்கு வைத்த இட்டிலிச் சட்டி! மேல் தகட்டுக்கு வெள்ளைச் சாயம் அடித்தால் சூடு இன்னும் குறையும்.

மழைதான் அடுத்த சோதனை. ஒட்டுப்பலகையின் முகத்தில் தண்ணீர் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஓரத்தில் பட்டால்தான் உறிஞ்சும், உப்பும், பிரியும். ஆகவே வெட்டிய ஓரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று முறை சாயமோ வார்னிஷோ குடிக்க விடுங்கள். அதிகம் ஒழுகுவது பின்கதவின் கீல் ஓடும் இடத்தில். அங்கே தண்ணீர் வழிந்தோட ஒரு தகட்டு வாய்க்கால் வைத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

காற்றை மறந்துவிடாதீர்கள். அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் இருவர் மூச்சு விட்டால் காற்று சீக்கிரம் கெடும். இரண்டு பக்கமும் கொசுவலை போட்ட சன்னல், கூரையில் ஒரு காற்றுப்போக்கி, தரையோரத்தில் ஒரு துளை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். அதனால்தான் அடியில் துளை. அடுப்பு எப்போதும் பின்கதவுக்கு வெளியேதான் எரிய வேண்டும். மழை பெய்கிறது, குளிர்கிறது என்று கரியடுப்பை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியவர்கள் காலையில் எழுந்ததில்லை. கரிப்புகையின் நஞ்சுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை.

இன்னொன்று: நிழலாக இருக்கிறதே என்று டுரியான் மரத்தடியில் நிறுத்தாதீர்கள். பழம் ராத்திரியில்தான் விழும்!

பால் வற்றிய மரமும் பயன்படும்

உள்ளே போடும் கட்டில் சட்டம், அலமாரி, மேசைப் பலகைக்கு என்ன மரம்? நம் ரப்பர் மரமே போதும். இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்துவிட்டு வற்றிய மரத்தை முன்பெல்லாம் என்ன செய்தோம்? விறகாக வெட்டினோம். புகைக் கூடத்தில் எரித்தோம். அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். அதனால் வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாரிக்கும்; வண்டு துளைக்கும். 'ஒன்றுக்கும் உதவாத மரம்' என்று பெயர்.

பிறகு ஆராய்ச்சியாளர்கள் வழி கண்டார்கள். வெட்டியவுடன் போரான் மருந்தை ஏற்றி, சூட்டறையில் காயவைத்தால் பழுப்பு வெள்ளை நிறத்தில் அருமையான பலகை கிடைக்கிறது. 1980-களிலிருந்து அது மலேசியாவின் தளவாடத் தொழிலுக்கே முதுகெலும்பாகிவிட்டது. ஜொகூர் மூவாரிலிருந்து உலக நாடுகளுக்குப் போகும் கட்டிலிலும் நாற்காலியிலும் நாம் சீவிய மரம் இருக்கிறது. ஆனால் மழை படும் இடத்துக்கு அது ஆகாது. உள் வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

சக்கரத்தின் டயரைத் தொட்டுப் பாருங்கள். அதிலும் இயற்கை ரப்பர் கலந்திருக்கிறது. ஆக, கீழே சுழல்வதும் நம் தோட்டத்துப் பால், உள்ளே தாங்குவதும் நம் தோட்டத்து மரம்!

சட்டத்தை முன்னால் கேளுங்கள்

ஆசைப்பட்டுச் செய்து முடித்த வண்டியைச் சாலையில் போலீஸ் மடக்கினால் என்ன ஆகும்? சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் உண்டு. இழுவை வண்டிக்கும் பதிவு, பரிசோதனை, காப்புறுதி ஆகியவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும். ஆகவே முதல் ஆணியை அடிக்கும் முன்பே, வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஜே.பி.ஜே. அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், பதிலை எழுத்தில் வாங்குங்கள். அனுமதியில்லாத வண்டியால் விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கம்பெனி கையை விரித்துவிடலாம்.

காடியின் கையேட்டையும் புரட்டிப் பாருங்கள். எவ்வளவு எடை இழுக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். போடவில்லை என்றால் அந்தக் காடி இழுப்பதற்குச் செய்யப்பட்டதல்ல. சின்னக் காடியை வைத்துக்கொண்டு வீம்பு பிடிக்க வேண்டாம்.

"இவ்வளவு இருக்கா? அப்ப நமக்கு எதுக்குண்ணே?" என்று சோர்ந்துவிடாதீர்கள் தம்பி. சாலைக்கு ஏற்றும் வண்டியாகத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. இதே அளவில், இதே பின்கதவு வைத்து ஒரு பலகாரக் கடை வண்டி செய்யலாம். கதவைத் தூக்கினால் நிழல்; கீழே அடுப்பு; பக்கத்தில் வடைத் தட்டு. நகராட்சியிடம் உரிமம் வாங்கிவிட்டால் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வருமானம். பொழுதுபோக்காகக் கற்ற வித்தை சோறு போடும் வித்தையாகவும் மாறும். அதையும் செய்ய இயலாதவர்கள், அட்டையில் ஒரு சாண் அளவில் ஒரு மாதிரி செய்து பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அச்சை முன்னும் பின்னும் நகர்த்தி இழுத்துக் காட்டுங்கள். புத்தகத்தில் படிக்கும் பௌதிகம் அவன் கையில் வந்து உட்காரும்.

யாருடைய வீடு?

தொடக்கத்தில் முணுமுணுத்தவருக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

கூரை ஒழுகும் வீட்டை வைத்துக்கொண்டு சக்கர வீடு எதற்கு? ஒழுகும் கூரை யாருடையது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அது நிர்வாகத்தின் கூரை. நாம் ஆணி அடித்துச் சரி செய்தாலும், வேலை போகிற அன்றைக்கு அந்த ஆணியும் நிர்வாகத்துடையதுதான். நாலடிக்கு எட்டடிதான் என்றாலும், இந்தக் குட்டி வீட்டில் ஒவ்வோர் ஆணியும் செய்தவனுக்குச் சொந்தம். அந்த உணர்ச்சியை ஒரு முறை அனுபவித்தவன், தன் பெயரில் ஓர் உண்மையான வீடு வேண்டும் என்பதை விடமாட்டான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சக்கரத்தின் மேல் உள்ள வீடு ஓய்வு நாளுக்கு மட்டும்தான். நிலத்தின் மேல் உள்ள வீட்டுக்கு அது மாற்றாகாது. 'லயத்தைக் காலி பண்ணு, உனக்கென்ன, சக்கர வீடு இருக்கே' என்று யாரும் சொல்ல நாம் இடம் கொடுக்கவும் கூடாது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டத்தையே வாங்கிக் காட்டியவர்கள் பால் வெட்டும் தொழிலாளர்கள்தான். கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் அவர்கள் வாங்கிய முதல் தோட்டம். சிறுகச் சேர்த்தால் எதுவும் முடியும் என்பதற்கு நாம் வேறு நாட்டுக் கதையைத் தேட வேண்டாம்.

சேமிப்பும் அப்படித்தான், கைவேலையும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு, ஆளுக்கு ஒரு பீர்ப் போத்தலோடு உட்காருவதற்குப் பதிலாக, நாலு பேர் சேர்ந்து ஒரு பலகையை இழைத்துப் பாருங்கள். ஒருவருக்கு வெல்டிங் தெரியும், இன்னொருவருக்குத் தச்சு தெரியும், வேறொருவர் மனைவிக்குத் தையல் தெரியும், பக்கத்து வீட்டுப் பையனுக்கு மின்சார வேலை தெரியும். தனித்தனியாக இருந்தால் அவை கைச்செலவுக்கு உதவும் வேலைகள். ஒன்று சேர்ந்தால் ஒரு வீடு!

பங்சாரில் மாரோஃப் சாலைப் பக்கம் நாகேஸ்வரி அம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. சுற்றிலும் தோட்டம் இல்லை, பால்மரம் இல்லை. கோயில் மட்டும் நிற்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: நம்மவர்கள் தங்கள் கையால், தங்களுக்கென்று கட்டியது நிற்கும். மற்றவர்களுக்குக் கட்டிக் கொடுத்தது அவர்கள் சொன்ன நாளில் போகும்.

அடுத்த தைப்பூசத்துக்கு ஒரு குட்டி வீடு தோட்டத்திலிருந்து பத்துமலைக்குப் போகட்டும். முன்பாரம் பின்பாரம் பார்த்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, பத்திரமாகப் போகட்டும். அதற்குள் ஒரு பாட்டி கால் நீட்டிப் படுத்திருக்கட்டும். லோரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்த அந்தக் காலத்தை அவர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வரட்டும்!